பந்து சாகவில்லை, பாப்பா

பெட்டாலிங் ஜெயா
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்சாப்பில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். நேற்று குரல் பதிவு செய்துதான் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஓடியது, நடுவில் அம்மாவின் குக்கர் மூன்று விசில் அடித்தது. திரும்பக் கேட்டால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. அழித்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். வாயால் சொல்ல வராத விஷயம் ஒன்றும் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

நீ அனுப்பிய உன் பௌலிங் பந்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "பந்து செத்துப்போச்சுப்பா, வளையவே மாட்டேங்குது, புதுசு வாங்கப் போறேன், 200 டாலர் ஆகும்" என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. கட்டைவிரல் துளைக்குக் கொஞ்சம் தள்ளி, பந்தைச் சுற்றி ஒரு பட்டை கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, அதைப் பார்த்தாயா? மற்ற இடமெல்லாம் மங்கல், அந்தப் பட்டை மட்டும் பளபளப்பு. பந்து லேனில், அதாவது ஆட்டப் பாதையில், உருளும்போது தரையைத் தொடுகிற இடம் அதுதான். கோளாறும் அங்கேதான் இருக்கிறது. புதுப் பந்து வாங்கினாலும் மூன்று மாதத்தில் இதே படத்தைத்தான் எனக்கு அனுப்புவாய்.

நீ படிப்பது விமானப் பொறியியல், உனக்கு நான் உராய்வுப் பாடம் நடத்தக் கூடாதுதான். ஆனாலும் கடையில் 22 வருடம் பந்துக்கு விரல் துளை போட்ட கை சும்மா இருக்காது. வீசும் கோட்டிலிருந்து, நாம் சாய்க்க வேண்டிய பத்துப் பின்களில் முதல் பின் வரை 60 அடி. அதில் முதல் 40 அடி போல எண்ணெய் பூசியிருக்கும், மீதி காய்ந்த தரை. பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்து வளையும், அதன் பிறகு நேராக உருண்டு பின்களுக்குள் நுழையும். எங்கே வழுக்குவதை நிறுத்திப் பிடிக்கத் தொடங்குகிறது என்பதில்தான், எல்லாப் பின்னும் ஒரே வீச்சில் விழும் ஸ்ட்ரைக்கும், மிச்சப் பின்கள் தள்ளித் தள்ளி நின்றுவிடும் ஸ்ப்ளிட்டும் பிரிகின்றன. அந்த இடத்தை முடிவு செய்வதில் உன் கைக்குப் பாதிப் பங்கு, பந்தின் தோலுக்குப் பாதிப் பங்கு என்பது என் கணக்கு. பந்துக்குள் இருக்கும் கோர் என்கிற உள்கட்டியைப் பற்றிக் கடைக்காரர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பேசட்டும், விற்க வேண்டுமே.

தோல் சொரசொரப்பாக இருந்தால் அதன் நுண்ணிய முனைகள் எண்ணெயைத் தாண்டித் தரையைத் தொடும், பந்து சீக்கிரம் பிடிக்கும். வழவழப்பாக இருந்தால் எண்ணெய் மேல் மிதந்துகொண்டே போகும். மழை நாளில் தேய்ந்த டயரோடு பெடரல் நெடுஞ்சாலையில் போன அனுபவம் நம் பழைய காடியில் உனக்கும் உண்டு, அதே கதைதான். நீ ஒவ்வொரு முறை வீசும்போதும் லேனே உன் பந்துக்குக் கொஞ்சம் பாலிஷ் போட்டு அனுப்புகிறது. 2000 எண் பேடால் (உப்புத்தாள் மாதிரி தேய்க்கிற வட்டு) தேய்த்த பந்து ஏழெட்டு ஆட்டத்துக்குப் பிறகு 2000-ஆக இருக்காது.

இன்னொன்று எண்ணெய். உன் பந்தின் மேலோடு ரியாக்டிவ் ரெசின் என்கிற ஒரு வகைப் பிசின். அந்த மேலோட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, லேன் எண்ணெயைக் குடிக்கும். தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில் பந்தெல்லாம் கெட்டி ரப்பர், எண்ணெயைக் குடிக்காது. அதற்கும் முன்னே, 1905-ல் ரப்பர் பந்து வருவதற்கு முன்னால், லிக்னம் வைட்டே என்கிற இரும்பு மாதிரியான மரம். பிறகு பிளாஸ்டிக், 80-களில் யூரித்தேன், 90-களின் தொடக்கத்தில்தான் இந்த ரியாக்டிவ். அதோடுதான் பந்தைத் தேய்ப்பது ஒரு தனி வேலையாகவே ஆனது. எனக்குச் சம்பளம் வந்ததும் அந்தத் துளைகளால்தான்.

அதனால் பேடைக் கையில் எடுக்கும் முன் எண்ணெயை வெளியே எடு. உன்னைப் போன்ற பொறுமைசாலிகள் முதலில் தவறு செய்வது இங்கேதான். எண்ணெய் ஊறிய பந்தைத் தேய்த்தால் பேட் அடைத்துக்கொள்ளும், பந்தும் மாறாது, பேடும் வீண். விரல் துளைகளை நல்ல டேப்பால் ஒட்டி மூடு, தண்ணீர் உள்ளே போகக் கூடாது. வாளியில் குழாய்ச் சுடுநீரைப் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பந்தை 20 நிமிடம் போடு. சூடு கையால் ஒரு நொடி தாங்குகிற அளவு போதும். கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றினால் பந்து விரிசல் விட்டுவிடும், விளையாட்டாகச் சொல்லவில்லை. வெளியே எடுத்ததும் வியர்வை மாதிரி முத்து முத்தாக எண்ணெய் கசியும். துடைத்துவிட்டு மறுபடி போடு. கசிவது நிற்கும்வரை செய். அப்புறம் ஒரு நாள் அறையிலேயே ஆறட்டும். காடியின் பின்பெட்டியில் விட்டுவிடாதே. அமெரிக்காவில் நீ இருக்கும் விச்சிட்டாவின் குளிரும் வெயிலும் பந்துக்கு ஆகாது. நம் ஊரில் இருக்கிற மாதிரி வருடம் முழுக்க ஒரே புழுக்கம் அங்கே கிடையாதே.

இனி பேட். பார்சலில் அப்ராலோன் வைத்திருக்கிறேன், பின்லாந்துச் சரக்கு. காடிக்குச் சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்துவது, பௌலிங்காரர்கள் சுவீகரித்துக்கொண்டோம். பின்னால் ஸ்பான்ஞ் இருப்பதால் உருண்டையோடு வளைந்து கொடுக்கும். சாதாரண உப்புத்தாள் மடங்கி ஓரத்தால் கீறிவிடும். எண் கூடக் கூடப் பொடி நைசு. ஐரோப்பிய அளவுக் கணக்கில் 500 எண் பொடி சுமார் 30 மைக்ரான், 2000 சுமார் 10. உன் பந்து பெட்டியிலிருந்து வந்தபோது 500, அதன் மேல் 1000, அதன் மேல் 2000 என்று தேய்த்து முடித்தது. இப்போதும் அதே வரிசையில் போ. 500-லிருந்து ஒரே தாவாக 2000-க்குப் போனால், 500 போட்ட ஆழக் கீறல் அடியில் அப்படியே இருக்க, மேலே மட்டும் வழவழப்பாகும். அரைகுறையாக அரைத்த மாவு மாதிரி, கைக்கு நைசாகத் தெரியும், தோசையில் குட்டு வெளிப்படும்.

உன்னிடம் பந்தைச் சுழற்றும் இயந்திரம், அந்த ஸ்பின்னர், இல்லை. பரவாயில்லை, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து அதன் மேல் பந்தை உட்கார வை. மெழுகுப் பென்சிலால் பந்தை நான்கு பக்கமாகப் பிரித்துக்கொள். பேடையும் பந்தையும் நனைத்துக்கொண்டு தேய். தண்ணீர் இருந்தால் தூசி பறக்காது, அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை. சமையல் தொட்டியில் செய்யாதே. ஸ்பின்னரில் நான் ஒரு பக்கத்துக்கு 30, 40 வினாடிதான் பிடிப்பேன். கையால் என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அழுத்தாதே, பேட்தான் வேலை செய்ய வேண்டும், தோள் இல்லை. நான்கு பக்கமும் முடிந்ததும் நன்றாகத் துடைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போ. முந்தைய பொடி ஒட்டியிருந்தால் அதுவே புதுக் கீறல் போடும். கடைசியில் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார். அந்தப் பட்டை எங்கே இருந்தது என்று உன்னாலேயே கண்டுபிடிக்க முடியக் கூடாது.

பத்துப் பந்து தேய்த்த 1000 பேட், 1000 வேலையைச் செய்யாது, 2000-க்குப் பக்கத்தில் போய்விடும். பேடின் பின்னால் எத்தனை தடவை தேய்த்தாய் என்று கோடு போட்டு வை. ஸ்பேருக்கு, அதாவது மிச்சப் பின்களை இரண்டாம் வீச்சில் சாய்க்க, வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்தை இந்த வேலைக்கெல்லாம் இழுக்காதே, அது நேராகப் போனால்தான் நமக்கு நல்லது.

லீக்கில் புள்ளி எண்ணும் ஆட்டம் தொடங்கிய பிறகு பேடைத் தொடவே கூடாது, அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் (USBC) விதி. 2019 ஆகஸ்டில் ஆட்ட நடுவே திரவம் போட்டுத் துடைப்பதற்கும் தடை போட்டார்கள். இந்த ஆட்டத்தில் தோலுக்காக ஆட்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? 1973-ல் டான் மெக்யூன் என்கிற அமெரிக்கர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மேலோட்டை மெத்தென்று ஆக்கி, அந்த ஒரே வருடத்தில் ஆறு பட்டம் வாங்கினார். மற்றவர்களும் வாளியோடு கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பந்தின் கடினத்தை அளக்கும் விதியே வந்தது. நீ சோப்புத் தண்ணீர் வாளியோடு நிறுத்திக்கொள்.

சரி, வாயால் சொல்ல வராத விஷயம்.

உனக்குப் பதினைந்து வயது. மாநில அளவில் பள்ளிப் போட்டி. நீல நிறத்தில் 14 பவுண்டு பந்து, ஞாபகம் இருக்கும். முதல் நாள் மாலை யாரோ என்னிடம், "நாளைக்கு எண்ணெய் நிறைய, நீளமும் கூட" என்று சொன்னார். நீ தூங்கிய பிறகு பந்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஸ்பின்னரில் வைத்து 500 பேடால் நான்கு பக்கமும் தேய்த்தேன். 1000-க்குப் போகவில்லை, 2000-க்கும் போகவில்லை. நாளைக்கு என் பிள்ளையின் பந்து மட்டும் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நினைப்பு. உன்னிடம் கேட்கக்கூட இல்லை. காலையில் பையில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

எண்ணெய் நிறைய என்றது காலைப் பிரிவுக்கு. உன் ஆட்டம் மதியம். அதற்குள் அறுபது பிள்ளைகள் வீசி, பாதையில் இருந்த எண்ணெயெல்லாம் போய்விட்டது. காய்ந்த லேனில் 500 தோல்! பாதி வழியிலேயே பந்து கொக்கி போட்டது. அங்கேயே சக்தியெல்லாம் தீர்ந்து, பின்னிடம் போகும்போது சவமாகப் போய் நின்றது. ஸ்ப்ளிட்டுக்கு மேல் ஸ்ப்ளிட். நீ இடது பக்கம் நகர்ந்தாய், இன்னும் நகர்ந்தாய், நகர இடமே இல்லாமல் போனது. நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீச்சிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது காடியில் நீ அழுதாய். "என் கை சரியில்லப்பா, மணிக்கட்டு திரும்பிடுது" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் நிறுத்தி மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே பயிற்சியாளரிடம் போய் மணிக்கட்டை மாற்றச் சொன்னாய். நான் இரவோடு இரவாகப் பந்தை 2000-க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பந்து சொன்ன இடத்தில் வளைந்தது. புதுக் கை வேலை செய்கிறது என்று நீ துள்ளினாய், பயிற்சியாளரும் நம்பினார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தபோது, பந்தை விடும் நேரத்தில் மணிக்கட்டை இன்னும் அப்படித்தான் இறுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் பழைய கைதான் நல்ல கை, பாப்பா. தளர்வாக, அலட்டாமல் விடுவாய். அதைக் கெடுத்தது என் 500 பேட். ஆறு வருடமாக இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். நீ மறுபடியும் உன் கையைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாயோ என்று அந்தப் படம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மாவுக்கு இன்றைக்குத்தான் சொன்னேன். "அதான் அன்னிக்கு மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பந்தைத் தேய்த்து முடித்ததும் கையை ஒன்றும் மாற்றாமல் இரண்டு வாரம் வீசிப் பார். எந்த எண்ணில் முடித்தாய், எத்தனை ஆட்டம் ஆனது, எங்கே வளைந்தது என்று எழுதி வை. அப்புறம் மணிக்கட்டைப் பற்றி வீடியோவில் பேசுவோம். எனக்கு இரவு பத்து மணி என்றால் உனக்குக் காலை, வசதிதான்.

பேட்களை மைலோ டின்னில் போட்டிருக்கிறேன். 500 ஒன்று, 1000 இரண்டு, 2000 இரண்டு, 4000 ஒன்று. கூடவே என் பழைய நோட்டு. அன்றைக்குப் பிறகு தேய்த்த பந்து எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன், முதல் வரி உன் நீலப் பந்துதான். அதே பெட்டியில் அம்மா முறுக்கும் வைத்துவிட்டாள். பேட் பக்கத்தில் வைக்காதே என்றேன், கேட்கவில்லை. தட்டிப் பார்த்துச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா