ஊர்ப் பாசத்தில் போட்ட ஓட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தலைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், இங்கே அமெரிக்காவிலுள்ள தமிழர்கள், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தை நினைத்தே அவருக்கு ஓட்டுப் போட்டதாக ஒரு வரி வந்திருந்தது. படித்ததும் மனம் கசந்துவிட்டது.

வட கரோலினாவில், கேரி நகரில் 22 ஆண்டுகளாக வசிக்கிறேன். 2024 அக்டோபரில் முன்கூட்டியே போய் வாக்களித்தேன். அதிபர், ஆளுநர் (இங்கே ஆளுநரையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறோம்), வேளாண் ஆணையர், காப்பீட்டு ஆணையர், நீதிபதிகள் என்று வாக்குச்சீட்டு நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு பெயரையும் பற்றித் தேடிப் படிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. 12 வாரத்துக்குப் பிந்தைய பெரும்பாலான கருக்கலைப்புகளைத் தடுக்கும் சட்டத்தை, 2023 மே மாதம் ஆளுநரின் மறுப்பையும் மீறி எங்கள் சட்டமன்றம் நிறைவேற்றியது. எனக்கு 19 வயதில் மகள் இருக்கிறாள். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த கமலாவுக்கு நான் ஓட்டுப் போட்டது அதனால்தான்.

எதிர்வீட்டுக்காரரும் தமிழர்தான். மளிகை விலை தாங்கவில்லை என்று டிரம்புக்குப் போட்டார். அதே சீட்டில் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் மாநிலத்தில் டிரம்பும் வென்றார். ஸ்டைனும் ஏறத்தாழ 15 சதவீத வித்தியாசத்தில் வென்றார். இது தங்களுக்குத் தெரியாததல்ல. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமியும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைதானே? அயோவா மாநிலத்து உட்கட்சித் தேர்தலில் நான்காம் இடம் வந்து அன்றிரவே விலகினாரே, அப்போது எங்கள் பாசம் எங்கே போயிற்று?

கமலா துணை அதிபர் பதவிக்கு நின்ற 2020-இலும் துளசேந்திரபுரத்துப் பூஜைப் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. 2016-இல் ஹிலாரி கிளின்டன் டிரம்பைவிட 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றது மர்மம் என்று எழுதினீர்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்களில் 270 பேர் வேண்டும், மாநிலவாரியாகத்தான் கணக்கு என்று அப்போதும் விளக்கி எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. கும்பகோணத்திலிருந்து என் அத்தை போன் செய்து, "நம்ம பொண்ணுக்குத்தானே போட்டே?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படிப்பது தங்கள் இதழைத்தான்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சந்தா கட்டுகிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன்: 2026 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது. அதைப் பற்றி எழுதுபவரை, இங்கே வாக்களிக்கும் ஒருவரிடமாவது ஒருமுறை பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேரி, வட கரோலினா