மூட்டையில் கிடந்த பாயைப் பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிதாக வாங்கிய படகின் அணியத்து (முன்முனை) அறையில் ஒரு மூட்டை கிடந்ததையும், அதை அவிழ்த்தபோது சிவப்பும் வெள்ளையுமாக மெல்லிய துணி பொங்கி வந்து அறையை நிறைத்ததையும் நீ எழுதியிருந்த இடத்தை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அது ஸ்பின்னேக்கர்தான்; காற்று பின்னாலிருந்து வரும்போது படகின் முன்னே உப்பி நிற்க ஏற்றும் பெரிய, மெல்லிய பாய். இருவர் மட்டுமே செல்லும் எட்டு மீட்டர் படகில் அதை ஏற்றத் துணியலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக ஏற்றலாம்; நாங்கள் இருவரும் இந்தப் பருவத்தில் ஒன்பது முறை ஏற்றினோம். ஆனால் அதை எப்படி இறக்கப் போகிறோம் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லி முடிக்காமல் நாங்கள் கயிற்றைத் தொடுவதே இல்லை. இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது அதைச் சுற்றியே இருக்கும்.

முதலில் துணியைப் பார். நைலான் வெயில் பட்டுப் பட்டு வலுவிழக்கும். பழைய பாயென்றால் தலைமூலையிலும் இரண்டு கீழ்மூலைகளிலும் விரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்து, காகிதம்போலக் கிழிந்தால் அதை மறந்துவிடு. தாங்கினால், தலைமூலையிலிருந்து ஒரு விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே கீழ்மூலை வரை வந்து, மற்ற விளிம்பையும் அவ்வாறே தடவி வா. பெரும்பாலும் ஒரு விளிம்பில் சிவப்பு நாடாவும் மற்றதில் பச்சை நாடாவும் தைத்திருப்பார்கள். இரண்டும் முறுக்கில்லாமல் வந்துவிட்டால் நடுத்துணியை எப்படி வேண்டுமானாலும் பைக்குள் திணிக்கலாம். மூன்று மூலைகள் மட்டும் பையின் வாய்க்கு வெளியே தெரிய வேண்டும்.

இனிக் கயிறுகள். பாயை மேலே ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், கீழ்மூலையிலிருந்து பின்னோக்கி வருவதைத் தாமான் என்றும், மற்றக் கீழ்மூலையிலிருந்து, அந்த மூலையை வெளியே தள்ளிப் பிடிக்கும் கழியின் முனை வழியாக வருவதைக் கழிக்கயிறு என்றும் எழுதுகிறேன். பாய்மரத்தைப் படகின் முன்முனையோடு பிணைக்கும் முன்கம்பிக்கு முன்னால் ஆஞ்சான் இறங்க வேண்டும். மற்ற இரண்டும் பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் பக்கக் கம்பிகளுக்கும் ஓரத்து வேலிக் கம்பிகளுக்கும் வெளியே ஓட வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையில் பிடித்தபடி நான் நடந்து பார்ப்பேன். கண்ணுக்குத் தப்பிய சிக்கல் இரண்டு முறை கையில் அகப்பட்டிருக்கிறது. தாமானின் கடைசியிலும் கழிக்கயிற்றின் கடைசியிலும் முடிச்சுப் போடாதே. நிலைமை கைமீறினால் அவை தடையின்றி ஓடிவிட வேண்டும்.

கழியின் உள்முனை பாய்மரத்து வளையத்தில் மாட்டும். வெளிமுனையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கயிறும் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கயிறும் தேவை. கீழே இழுக்கும் கயிற்றைக் கட்டாமலே ஏற்றுவோர் உண்டு. அது இல்லாவிட்டால் முதல் வலுவான காற்றிலேயே கழி வானை நோக்கி எழும்பி, பாய் இருபக்கமும் ஊசலாடத் தொடங்கும்.

ஏற்றுவது எளிது. காற்றைப் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜிப்பின் (முன்கம்பியில் உள்ள வழக்கமான முன்பாயின்) மறைவில் விரைந்து ஏற்றி, கழிக்கயிற்றை இழுத்து மூலையைக் கழிமுனைக்குக் கொண்டுவந்து, தாமானைப் பிடித்தால் பாய் 'பட்'டென்று விரியும். அதன்பின் ஜிப்பைச் சுருட்டலாம். பாய்மரத்து உச்சியில் உள்ள காற்றுக்காட்டிக்குக் கழி செங்கோணத்திலும், பாயின் இரு கீழ்மூலைகளும் ஒரே மட்டத்திலும் இருக்கட்டும். பிறகு தாமானை அங்குலம் அங்குலமாக விடு. கழிப்பக்க விளிம்பின் தோளில் துணி ஒரு கையளவு உள்நோக்கி மடங்கும். அந்த மடிப்பு வந்தும் வராமலும் இருக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல மனத்துக்கு நிறைவான வேலை படகில் வேறெதுவும் இல்லை என்பேன்.

இந்த நிறைவில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காற்று மணிக்கு 14 கடல்மைல் வேகத்தில் வீச, படகு அதே திசையில் 5 கடல்மைல் வேகத்தில் ஓடினால், நம் மீது படுவது 9 கடல்மைல் காற்றுதான். எல்லாம் சாந்தமாகத் தோன்றும். அதே படகு தடுமாறிக் காற்றுக்குக் குறுக்கே திரும்பினால் அது ஏறக்குறைய 15 ஆகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், பாயின் மீதான அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிப் படகு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அப்போது முதலில் விட வேண்டியது தாமானை. அலைகளின் தலையில் வெண்நுரை அடிக்கடி தெரியத் தொடங்கினாலே நாங்கள் பாயை இறக்கிவிடுகிறோம்.

மெல்லிய காற்றிலும் தொல்லை உண்டு. சென்ற மாதம் நீண்ட அலையில் படகு உருண்டுகொண்டிருந்தபோது பாய் ஒரு கணம் தளர்ந்து முன்கம்பியைச் சுற்றிக்கொண்டது. மேலும் கீழும் காற்றால் உப்பி, நடுவில் பிழிந்த துணிபோல் இறுகி, உடுக்கையைப் போல் நின்றது. இழுத்துப் பார்த்தேன், இன்னும் இறுகியது. பாய்மரத்துக்குப் பின்னால் உள்ள பெரிய பாயை மறுபக்கத்துக்கு மாற்றச் சொன்னவள் என் மனைவி. பெரிய பாயைத் தழுவி வரும் காற்றின் சுழற்சி அதனால் எதிர்த்திசையாகும் அல்லவா? சுற்றியது ஒவ்வொரு சுற்றாக, எங்கள் கை படாமலே அவிழ்ந்தது. அன்றிலிருந்து அலை உருட்டும் நாள்களில் ஜிப்பை இறுக்கி நடுவில் கட்டிவைக்கிறோம். சுற்றிக்கொள்ள அங்கே இடம் இருப்பதில்லை.

இறக்கும்போது காற்றோடு நன்றாகத் திரும்பி, ஸ்பின்னேக்கரைப் பெரிய பாயின் மறைவுக்குள் கொண்டுவா. தாமானைப் பிடித்திருப்பவர் பூமுக்கு (பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கட்டைக்கு) கீழே அந்த மூலையைக் கைப்பற்றிய பிறகே கழிக்கயிற்றை முழுதாக ஓடவிட வேண்டும். அப்போதுதான் பாய் கொடியைப்போல் காற்று வடிந்து படபடக்கும். ஆஞ்சான் அதற்குப் பின்தான். அதுவும் துணியை வாரிச் சேர்ப்பவரின் கைவேகத்துக்கு ஏற்பத்தான். முந்திக்கொண்டு விட்டால் பாய் கடலில் விழுந்து வலைபோல் நீரை அள்ளிப் படகை நிறுத்திவிடும். ஆஞ்சானை வின்ச்சில் (கயிறு சுற்றும் உருளையில்) ஒரு சுற்றாவது சுற்றியே விடு; வெறுங்கையில் ஓடவிட்டதால் என் வலது உள்ளங்கையில் விழுந்த காயம் இப்போதுதான் ஆறியிருக்கிறது.

பாயின் மேல் போர்த்திக் கீழே இழுக்கும் நீண்ட துணிக்குழாய் ஒன்று கிடைக்கும். இருவர் படகுக்கு அது செலவுக்குத் தகும் பொருள். கழியை இடம் மாற்றித் திசை திரும்பும் வித்தையை இப்போதைக்குத் தள்ளிவை. குழாயால் பாயை மூடி, பெரிய பாயைத் திருப்பி, மறுபடி திறப்பதே எங்கள் வழி.

உன் படகில் கழி இருப்பதாக எழுதவில்லை. பாய்மரத்தின் முன்பக்கத்திலிருந்து முன்கம்பி தளத்தைத் தொடும் இடம் வரையுள்ள தூரத்தை அளந்து எழுது; கழியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். என்னிடம் உதிரியாகக் கிடக்கும் கழி உனக்குப் பொருந்துமென்றால், அடுத்த முறை வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்