பந்தயத்துக்கு முன்னால் அளவு பேசுங்கள்: டெல்டா கரைப் பஞ்சாயத்தாருக்கு ஒரு மடல்

பூம்புகார் முதல் கோடியக்கரை வரை உள்ள மீனவப் பஞ்சாயத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சின்னப் பாய்மரப் படகுப் பந்தயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு நம் கரையில் கிளம்பியிருக்கிறது. மனசார வரவேற்கிறேன். நான் விசைப்படகில் தொழில் செய்கிறவன். என் தாத்தா கட்டுமரம் கட்டியவர். கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார். விடியலில் மரத்தில் குதிகாலை ஊன்றி, கயிற்றை இழுத்து மறுபடி முடிச்சுப் போடுவார்.

அந்தக் 'கட்டுமரம்' என்ற சொல்தான் இன்று உலகமெங்கும் இரட்டை உடல் படகுக்குப் பெயர். அதில் 'ஹோபி 16' என்று ஒன்று. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் கொண்டுவந்தது. 16 அடி சொச்சம் நீளம், 145 கிலோ அளவு எடை, ஓட்ட இரண்டு பேர். துறைமுகம் வேண்டாம், மணலிலிருந்தே தள்ளி ஏறலாம். எந்த நாட்டில் போட்டி வைத்தாலும் படகும் பாயும் ஒரே அளவு. ஓட்டும் இருவரின் எடை சுமார் 129 கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடையைச் சுமந்துதான் ஓட வேண்டும். ஆள் இலேசு என்று யாருக்கும் கூடுதல் லாபம் கிடையாது.

எங்கள் ஊர்ப் பொங்கல் பந்தயம் இரண்டே வருஷத்தில் நின்றதற்குக் காரணம் அளவு பேசாததுதான். ஒரு படகு நீளம், இன்னொன்றில் பாய் பெரிசு. ஜெயித்தவர்களுக்கே சந்தோஷம் இல்லை. கரையில் வாய்த்தகராறுதான் மிச்சம்.

இன்னொன்று. ஊருக்கு ஒரு பந்தயப் படகு என்று பங்கு வைக்காதீர்கள். பிடித்த மீனில் பங்கு பிரிக்கிற நியாயம் இதற்குப் பொருந்தாது. ஒற்றைப் படகு யாரோடு ஓடும்? பனையடியில் கிடந்து வெளுக்கும். முதலில் தரங்கம்பாடிக்கு மூன்று, பக்கத்துப் பெருமாள்பேட்டைக்கு மூன்று கொடுங்கள். தெற்கே அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் ஒரு ஜோடி. அங்கே சூடுபிடித்த பிறகு காரைக்கால்மேட்டாரை அழைக்கலாம். பெண்பிள்ளைகளையும் முதல் நாளிலிருந்தே ஏற்றுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. சுனாமி கண்ட தாய்மார்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பிற்பகலில் கடல்காற்று ஏறும். அப்போதும் கடலுக்குப் போகும் சின்ன பைபர் படகுக்காரர்களிடம் வலை விட்ட இடம் கேட்டுக்கொண்டு எல்லை மிதவை போட்டால் போதும்.

அதற்கு முன் ஒருநாள் கூடி அளவை முடிவு செய்யுங்கள். தாத்தா முழம் அளந்த கயிறு இன்னும் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நாகைக் கரையிலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளி