எங்கள் காபிக்கு ஓட்டுப் போட்டவர்களின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் மூன்றரை ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். தாத்தா போட்ட தோட்டம். உங்கள் நாளிதழை முப்பது வருடமாகப் படித்து வருகிறேன். வத்தலக்குண்டிலிருந்து காலை பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும்போது டீக்கடையில் நிற்கிறவர்களில் நானும் ஒருவன்.

போன வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில், ஐரோப்பா நம் காபிக்குத் தடை போடப் போகிறது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் இரண்டு பேர் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காபியை அவசரம் அவசரமாக மூட்டை கட்டி, கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்துத் தள்ளிவிட்டார்கள். ஒருவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட அந்தக் காபியை நம்பியிருந்தவர். அந்த முப்பது ரூபாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தடை எதுவும் இல்லை. காட்டை அழித்து விளைவித்த பொருளை வாங்க மாட்டோம் என்று ஒரு சட்டம் 2023-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில், அதாவது 27 நாடுகள் சேர்ந்த அமைப்பில், நிறைவேறியது. மாடு, கொக்கோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் இவற்றிலிருந்து வரும் பொருட்களும் அதில் அடக்கம். தேயிலை இல்லை என்பதால் நீலகிரித் தேயிலைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு வெட்டிய நிலத்தில் விளைந்த காபி என்றால் உள்ளே போகாது. மற்றது போகும், தோட்டம் இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டும், நம் நாட்டுச் சட்டப்படி விளைந்தது என்றும் காட்ட வேண்டும். 2024 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வர இருந்ததை ஒரு வருடம் தள்ளினார்கள். அப்புறம் இன்னொரு வருடம் தள்ளினார்கள். இப்போது 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

போன பருவத்தில் எங்களிடம் காபி எடுக்கும் வியாபாரி, "அண்ணே, இனிமே தோட்டத்தோட புள்ளி வேணும், பட்டா நகலும் வேணும்" என்றார். புள்ளி என்றால் என்ன என்று அவருக்கும் முழுதாகத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் தன் போனில் காபி வாரியத்தின் செயலியை இறக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குள் போனோம். மஞ்சு இறங்கியிருந்தது. பலா மரத்தடியில் நின்று பார்த்தால் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. சில்வர் ஓக் வரிசைக்கு வந்தோம், அங்கேயும் அப்படித்தான். கடைசியில் வானம் தெரிகிற இடமாக, காபி காயப் போடும் களத்தின் நடுவில் போய் நின்றோம். பத்து என்று தொடங்கி, புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கத்தோடு ஓர் எண் நின்றது. அதற்குக் கீழே எழுபத்தேழு என்று தொடங்கி இன்னொன்று. நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்குக் கீழே உள்ள தோட்டத்துக்கு இப்படி ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி வந்து குறிக்க வேண்டும்.

ஆறாவது இலக்கம் எவ்வளவு தூரத்தைக் குறிக்கிறது என்று பையனிடம் கேட்டேன். கணக்குப் போட்டுச் சொன்னான்: பதினோரு சென்டிமீட்டர். அரைச் சாண். தாத்தா காலத்தில் கல் ஊன்றி, கயிறு பிடித்து அளந்த நிலம் இது. அரைச் சாண் துல்லியத்தில் இதன் இடத்தைக் கேட்டது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வியாபாரி "ஐரோப்பா" என்றார். பட்டிவீரன்பட்டியில் காபி அரவை ஆலைப் பக்கம் கேட்டாலும் "ஐரோப்பா" என்றுதான் சொன்னார்கள். உங்கள் செய்தியிலும் அதே சொல்தான் இருந்தது.

என் தம்பி மகள் இத்தாலியில் திரியெஸ்தே நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். காபி மூட்டைகள் வந்து இறங்கும் பெரிய துறைமுகம் அது. நம் நாட்டுக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னால் நிற்கிறது, ஜெர்மனியும் பெல்ஜியமும் கூடவே வரும். அவளைக் கூப்பிட்டு, "யார்மா இது, யார் முடிவு பண்ணினது?" என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். "பெரியப்பா, பேரோட இருக்கு. யார் சரின்னு சொன்னாங்க, யார் வேண்டாம்னு சொன்னாங்க, எல்லாமே பேரோட இருக்கு" என்றாள்.

2023 ஏப்ரல் 19 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக 552 பேர், எதிராக 44 பேர், நடுநிலையாக 43 பேர். அப்போது மொத்த உறுப்பினர்கள் 705. சட்டம் இறுதியாக ஓட்டுக்கு வரும்போது ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பெயர் வாரியாகப் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். தாண்டிக்குடியில் உட்கார்ந்திருக்கும் நானும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். நம் மக்களவையில் எத்தனையோ மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. என் தொகுதி உறுப்பினர் 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா என்று பிறகு தேடினால் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் சார்பில் கையில் வைத்து நடத்திக்கொண்டு போனவர் கிறிஸ்டோஃப் ஹான்சன். லக்சம்பர்க்காரர். திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது. 27 நாடுகள் உட்காரும் சபைக்கு அங்கிருந்து ஆறே பேர் போகிறார்கள். அதில் ஒருவர் கையில் எங்கள் மலைக் காபியின் தலையெழுத்து இருந்திருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து அவர் ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தில் விவசாயத்துக்குப் பொறுப்பாளர். இவ்வளவும் உங்கள் செய்தியில் ஒரு வரியாக வந்திருக்கலாம்.

சட்டம் அந்தச் சபையோடு முடிந்துவிடுவதில்லை என்பதும் சரிதான். முதலில் ஆணையம் வரைவு கொண்டுவர வேண்டும், நாடாளுமன்றமும் நாடுகளின் அரசுகள் உட்காரும் கவுன்சிலும் இரண்டுமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இவர்களில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறார்கள். 1979-இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். கடைசியாக 2024 ஜூனில் நடந்தது. இப்போது மொத்தம் 720 பேர். ஜெர்மனிக்கு 96, பிரான்சுக்கு 81, இத்தாலிக்கு 76, பெல்ஜியத்துக்கு 22. லக்சம்பர்க், மால்டா, சைப்ரஸ் ஒவ்வொன்றுக்கும் 6. எந்த நாட்டுக்கும் ஆறுக்குக் குறையக் கூடாது, தொண்ணூற்றாறைத் தாண்டக் கூடாது என்று ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய நாட்டுக்கு இடம் அதிகம் கிடைக்கும், ஆனால் தலைக்கணக்கில் பார்த்தால் சின்ன நாட்டுக்காரன் குரலுக்கு எடை அதிகம். தொகுதி மறுவரையறை வந்தால் நம் 39 என்ன ஆகும் என்று தமிழ்நாடே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் இடம் பிரித்த ஒரு சபை உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உங்கள் தலையங்கப் பக்கம் ஒருமுறையாவது எழுதியிருக்க வேண்டும்.

சரி, இத்தாலிக்கு வருகிறேன். அந்த 76 பேரும் ஐந்து பெரிய தொகுதிகளிலிருந்து வருகிறார்கள். திரியெஸ்தே வடகிழக்குத் தொகுதியில் சேர்ந்தது. ஓட்டுச் சீட்டில் கட்சிச் சின்னத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு இடம் விட்டிருப்பார்களாம். வாக்காளர் தனக்குப் பிடித்த வேட்பாளர் பெயரைத் தன் கையாலேயே எழுதலாம், மூன்று பேர் வரை. ஒன்றுக்கு மேல் எழுதினால் எல்லாமே ஆணாகவோ எல்லாமே பெண்ணாகவோ இருக்கக் கூடாது. இவளோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சொன்னதாம் இது. தன் பெயரை ஊர்க்காரர்கள் கையால் எழுதி அனுப்பிய ஒருவர், ஊர்க்காரர்களின் கடிதத்தைப் படிக்காமல் விடுவாரா?

இன்னொன்று. அந்த 76 பேரும் சபையில் 'இத்தாலி' என்று ஒன்றாக உட்காருவதில்லை. கட்சிக் குழுவாகப் பிரிந்து, ஸ்வீடன்காரர் பக்கத்தில் ஒருவர், போர்ச்சுகல்காரர் பக்கத்தில் ஒருவர் என்று உட்காருகிறார்கள். ஓட்டும் அப்படித்தான் பிரியும். 'இத்தாலி எதிர்க்கிறது', 'ஜெர்மனி ஆதரிக்கிறது' என்று நாம் எழுதுகிறோமே, அந்த நாட்டு அரசைப் பற்றி என்றால் சரி. அந்த நாட்டிலிருந்து போன உறுப்பினர்களுக்கு அது பொருந்தாது. அதே நாட்டில் நம் பக்கம் பேசக்கூடியவரும் இருப்பார், கேட்க மாட்டேன் என்பவரும் இருப்பார். யார் யார் என்று தெரிந்தால்தானே போய்ப் பேச முடியும்?

பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. எங்கள் மலையில் காபி வெட்டவெளியில் வளர்வதில்லை. மேலே பலாவும் சில்வர் ஓக்கும், நடுவில் கல்யாண முருங்கை, அதில் மிளகுக் கொடி, ஊடே கமலா ஆரஞ்சும் மலைவாழையும், அதன் நிழலில்தான் காபிச் செடி. மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் காடு மாதிரிதான் தெரியும். நாளைக்கு நிழல் அதிகமாகிறது என்று நான் நான்கு மரத்தைக் கவாத்து செய்தால் 'காடு அழிந்தது' என்று எங்காவது ஒரு கம்ப்யூட்டர் எழுதிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். தம்பி மகள் சட்டத்தைத் திறந்து அந்த வரியைத் தேடி எடுத்து எனக்குத் தமிழில் சொன்னாள். மர நிழலில் பயிர் வளர்க்கும் தோட்டம் விவசாயம்தான், அது காட்டுக் கணக்கில் வராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஒரு வரியை உங்கள் நாளிதழ் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்த இரண்டு பேரும் காபியை விற்றிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் மிச்சம் இருக்கிறது. நாட்டுச் சட்டப்படி நிலம் உன்னுடையதா என்பதற்கும் சான்று வேண்டும். கீழ்ப்பழனி மலையில் பாதிப் பேருக்குக் கூட்டுப் பட்டா. செத்துப்போன தாத்தா பெயரில் பட்டா இருக்கிற வீடுகள் எத்தனையோ. பெரிய எஸ்டேட்டுக்கு இதைப் பார்க்க ஆபீஸ் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பையனும் அவன் போனும்தான். கூட்டுப் பட்டாவில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமா, எல்லோரும் போட வேண்டுமா என்று கேட்டால் வத்தலக்குண்டில் பதில் சொல்ல ஆள் இல்லை.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். இந்தச் சட்டம் அடுத்த முறை அந்தச் சபைக்கு வரும்போது ஓட்டு விவரத்தைப் போடுங்கள். இத்தாலியின் 76 பேரில், ஜெர்மனியின் 96 பேரில், பெல்ஜியத்தின் 22 பேரில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று போடுங்கள். கிரிக்கெட்டுக்கு ஒரு முழுப் பக்கம் தருகிறீர்கள், அதில் கால் பக்கம் போதும்.

எங்கள் திண்டுக்கல் தொகுதி மக்களவை உறுப்பினருக்கும் உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள். லட்சக்கணக்கான வாக்காளர்களுக்கு அவர் ஒருவர்தான், வேலை அதிகம் என்று தெரியும். ஆனால் இந்தியாவோடு பேசுவதற்கென்றே ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் குழு இருக்கிறது. நீலகிரி, வயநாடு, குடகு, சிக்மகளூர், ஹாசன் என்று காபி விளையும் பகுதிகளின் உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். கட்சி பார்க்க வேண்டியதில்லை. காபிச் செடிக்குக் கட்சி கிடையாது.

தம்பி மகளுக்கு அங்கே ஓட்டு இல்லை, குடியுரிமை வாங்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த நாடாளுமன்றத்துக்கு மனு போடலாம், ஒன்றியத்தின் வேலைக்குள் வருகிற, தன்னை நேரடியாகப் பாதிக்கிற விஷயமாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அயர்லாந்திலும் நம் மலைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

என் தம்பி போய் ஆறு வருடம் ஆகிறது. அவன் பங்கு அவள் பெயருக்கு மாறிவிட்டது. எங்கள் கூட்டுப் பட்டாவில் என் பெயருக்கு அடுத்த வரியில் அவள் பெயர் இருக்கிறது. அதனால் இது அவளுடைய தோட்டமும்தான். மனுவை அவளே எழுதுகிறேன் என்றாள். கூட்டுப் பட்டாவில் உள்ளவர்கள் சார்பில் ஒரே புள்ளியும் ஒரே கையெழுத்தும் போதுமா என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்பதுதான் அதில் கேட்கப் போகும் ஒரே கேள்வி. 24 மொழிகளில் எதில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள், எந்த மொழியில் எழுதுகிறோமோ அதே மொழியில் பதிலும் வரும். ஐந்தரை லட்சம் பேர் உள்ள மால்டாவின் மொழியும் அந்த 24-இல் ஒன்று. அவள் இத்தாலிய மொழியில் எழுதுகிறாள். பட்டா நகலைப் போன வியாழக்கிழமை அனுப்பிவிட்டேன். களத்தில் எடுத்த அந்த இரண்டு எண்களையும் அதன் பின்பக்கத்தில், ஆறு இலக்கமும் விடாமல், என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு காபி விவசாயி,
தாண்டிக்குடி மலைப்பகுதி, திண்டுக்கல் மாவட்டம்.