ஜூனிபர் போன்சாய் பட்டுப்போனது பற்றிப் புகார்: பணமும் வேண்டும், உங்கள் குறிப்புத்தாளும் மாற வேண்டும்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் இரண்டு இளம் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) வாங்கினேன், ஒன்று ஜூனிபர் என்ற ஊசியிலை மரம், ஒன்று ஆல் இனத்து இச்சி, கூடவே ஒரு பை 'ஸ்பெஷல் போன்சாய் மண்'. பில்லும் படங்களும் இணைத்திருக்கிறேன். ஜூனிபர் பட்டுப்போய்விட்டது. அதைச் சொன்னதற்கு உங்கள் ஆட்கள் அனுப்பிய பதில்: தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள், திருப்பி அனுப்ப 7 நாள்தான் கெடு, அது முடிந்துவிட்டது, அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம். கூப்பன் எனக்கு வேண்டாம்.

செடிகளை வாங்கியது என் அக்கா மகளுக்காக. பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஆல், அடீனியம், கொடுக்காப்புளி எல்லாம் பல வருஷமாகத் தொட்டியில் வளர்க்கிறேன், அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்தது. நேராக அவள் வீட்டுக்கே அனுப்பச் சொன்னேன். உங்கள் குறிப்புத்தாளில் 'வீட்டுக்குள் மேசைமேல் வைக்கவும், தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றவும்' என்று இருக்கிறது, அவள் அதை எழுத்து பிசகாமல் செய்தாள். இப்போது நீங்கள் பழியை அவள்மேல் போட்டுவிட்டதால் தன் கைராசிதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

அப்புறம் அந்த ஜூனிபரை நானே தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மேலே அழகுக்குப் போட்ட கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள், உள்ளே மண் ஈரமா காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்க்கக்கூட வழி இல்லை. அடியில் இருப்பது ஒரே ஓட்டை, அதிலும் மேல்பூச்சு வழிந்து பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது, மண் வெளியேறாமல் தடுக்கும் வலைத்துண்டும் கிடையாது. நர்சரிப் பையில் இருந்த களிமண் கட்டியை உடைக்காமல் அப்படியே வைத்து, சுற்றிலும் தேங்காய் நார்த்தூளை அமுக்கியிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் நார்த்தூள் சொதசொதவென்று கிடக்கிறது, அதில் நீட்டியிருந்த வேரெல்லாம் கறுத்து அழுகி நாற்றம் அடிக்கிறது, நடுவில் இருக்கும் கட்டியோ நீர் இறங்காமல் கல் மாதிரி காய்ந்திருக்கிறது. தாழ்வான தொட்டியில் நீர் இயல்பாகவே கீழே தேங்கி நிற்கும், அதனால்தான் போன்சாய்க்குத் தூசி போகச் சலித்த செங்கல் துண்டும் பருமணலும் கொஞ்சம் மட்கிய எருவும் கலந்து வைப்பார்கள். நீங்கள் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அந்த 'ஸ்பெஷல்' பையிலும் இதே நார்த்தூளும் தோட்டத்து மண்ணும்தான் இருக்கிறது, சலித்துப் பார்த்தேன், முக்கால்வாசி தூசியாகச் சல்லடைக்குக் கீழே போய்விட்டது.

உங்கள் 7 நாள் கணக்குக்கு வருகிறேன். ஜூனிபர் வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், பழுப்பு நிறம் தெரியும்போது காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது. செடி விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்ட செடிக்கு 7 நாள் கெடு என்றால், வாங்கினவர் கண்ணுக்குக் கேடு தெரிவதற்குள் உங்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

ஜூனிபர் வெயிலும் காற்றும் படும்படி வெளியே நிற்க வேண்டிய மரம், குளிர்காலம் என்று ஒன்றும் அதற்கு வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி. கத்திரி வெயிலில் 100 டிகிரியைத் தாண்டும் திருநெல்வேலிக்கு, அதுவும் வீட்டுக்குள் வைக்கச் சொல்லி, 'எல்லா ஊருக்கும் ஏற்றது' என்று போட்டு விற்பது நியாயமா? பின்கோடு கேட்டு வாங்குகிறீர்கள், அதைப் பார்த்து ஒரு வரி எச்சரிக்கை காட்டக்கூடாதா?

இச்சி பிழைத்துக்கொண்டது, அது எங்கள் ஊர் வெயிலுக்குப் பழகின மரம். ஆனால் பென்சில் கனம்கூட இல்லாத கன்றை இரண்டு அங்குல ஆழத் தொட்டியில் அடைத்து 'முழுமையான போன்சாய்' என்கிறீர்கள். முதலில் அகலத் தொட்டியில் சில வருஷம் தாராளமாக வளர்ந்தால்தான் அடிமரம் பருக்கும், அதற்கப்புறம்தான் தட்டுத் தொட்டி. கிளையை வளைக்கச் சுற்றியிருந்த அலுமினியக் கம்பி பட்டையில் பதிந்து தழும்பாகிவிட்டது, கம்பியை எப்போது எடுக்க வேண்டும் என்று உங்கள் தாளில் ஒரு சொல் இல்லை. கம்பியை வெட்டி எடுத்து, காருகுறிச்சியில் ஓட்டை வைத்து வனையச் சொல்லி வாங்கியிருந்த மண்தொட்டிக்கு மாற்றினேன், இப்போது துளிர் விடுகிறது.

எனக்கு வேண்டியது இதுதான். ஜூனிபருக்கும் மண் பைக்கும் முழுப் பணம், கூப்பனாக இல்லாமல் என் கணக்குக்கே வர வேண்டும். செடி செத்ததற்குக் காரணம் தொட்டியும் மண்ணும் உங்கள் குறிப்பும்தான் என்று அக்கா மகள் பெயருக்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும், தமிழில். குறிப்புத்தாளை மாற்றி, அந்தப் பசைபோட்ட கல்லையும் நிறுத்துங்கள். இன்னும் எத்தனையோ புதுப்பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் நீங்கள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன், அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன், 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை. பட்டுப்போன செடியை வேரோடும் தொட்டியோடும் எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் ஆளை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன், கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாடிக்கையாளர்