அது கொட்டை உடைக்கிற இடுக்கி இல்லை: எங்கள் ஊர் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துப் பெரியவர்களுக்கும், கனெக்டிகட் முழுக்க இதே மாதிரி சின்னச் சின்ன அருங்காட்சியகங்களைச் சம்பளம் வாங்காமல் நடத்திக்கொண்டிருக்கிற எல்லோருக்கும்,

வணக்கம். இதை முதலில் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வருகிறது. ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் வரிக்கு வரி நன்றி, மன்னிக்கவும் என்று போட்டுப் போட்டு, என்ன கேட்க வந்தேன் என்பதே கடைசியில் காணாமல் போய்விடுகிறது. ஆங்கிலப் பிரதி தபாலில் வந்து சேரும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். அப்பா பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருந்தார், பம்புக்கு வார்ப்படம் போடுகிற இடம், அதனால் சின்ன வயதிலேயே மண் அச்சும் உருகிய இரும்பும் பழக்கம். இங்கே பதினெட்டு வருடமாக ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. சுட்டுப் பழகியவன் இல்லை, துப்பாக்கியும் என்னிடம் கிடையாது. ஆனால் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கிற பழைய அச்சுகளையும், சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புகிற கைக்கருவிகளையும் சேர்த்துவைக்கிறேன். என் மனைவிக்கே இது இன்னும் சரியாகப் புரியவில்லை, அதனால் உங்களுக்கும் விளக்கமாகவே சொல்கிறேன்.

போன அக்டோபரில் உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பழைய சாமான் விற்றீர்கள் அல்லவா, முட்டை அடிக்கிற கரண்டி, கதவுக் குமிழ், மூடி இல்லாத டீ ஜாடி எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. அதற்குள் ஒரு இடுக்கி. அதில் கட்டியிருந்த சீட்டில் பென்சிலால் ‘கொட்டை உடைப்பது? 15 டாலர்’ என்று எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குறிக்காக உங்களை மதிக்கிறேன், சந்தேகமாவது வந்திருக்கிறதே. நானும் முதன்முதலில் இந்த ஜாதிக் கருவியைப் பார்த்தபோது என் பாட்டியின் பாக்குவெட்டி என்றுதான் நினைத்தேன். இரண்டு இரும்புக் கை, நடுவில் ஆணி, அழுத்தினால் வாய் மூடும். வடிவம் அச்சு அசல் அதேதான்.

ஆனால் அதன் பக்கவாட்டில் ‘ஐடியல்’ என்று பொறித்திருந்தது. அதற்குக் கீழே ‘44 டபிள்யூ.சி.எஃப்.’ என்று இருந்தது, அது ஒரு தோட்டா வகையின் பெயர். ஐடியல் நிறுவனத்தின் நான்காம் எண் கருவி அது. ஒரு முனையில் குண்டு வார்க்கிற குழி: ஈயத்தை உருக்கி ஊற்றி, மேலே இருக்கிற தகட்டைத் தள்ளினால் வால்பகுதி வெட்டுப்படும், கைப்பிடியை விரித்தால் குண்டு கீழே விழும். நடுவில் இருக்கிற பகுதிகள் மற்ற வேலைக்கு: சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டிலிருந்து பழைய கேப்பைத் தள்ள, புதியதை அமுக்க, குண்டைக் கூட்டின் வாயில் உட்காரவைத்து விளிம்பை இறுக்க. (கேப் என்றால் நம் ஊரில் தீபாவளிக்குச் சுத்தியலால் தட்டுகிற பொட்டு வெடி மாதிரி, தட்டினால் பொறி வரும் சங்கதி.) ஒரு முழு தோட்டாத் தொழிற்சாலையைச் சட்டைப்பைக்குள் மடக்கி வைத்தது போல. ஒரே குறை, கைப்பிடியும் இரும்பு. பத்து குண்டு வார்ப்பதற்குள் விரல் சுட்டுவிடும். துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்திருப்பார்கள், எங்கள் பட்டறையில் நாங்கள் கோணியைச் சுற்றிக்கொள்வது போல.

இதைச் செய்த ஆள் ஜான் பார்லோ. 1884இல் நம் நியூ ஹேவனில் ஐடியல் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1910இல் அது மார்லின் துப்பாக்கிக் கம்பெனிக்குப் போனது, கைமாறிக் கைமாறி 1925இல் மிடில்ஃபீல்டு ஊர் லைமன் கம்பெனி வாங்கியது. பார்லோ ஒரு கையேடும் போட்டார், எந்தக் கூட்டுக்கு எந்தக் குண்டு, எவ்வளவு வெடிமருந்து என்று. அதன் வாரிசான லைமன் கையேடு இன்றைக்கும் அச்சாகிறது. ஐடியல் அச்சுகளின் எண்ணில்கூட ஒரு சூட்சுமம் உண்டு. 42798 என்று இருந்தால் முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், 0.427 அங்குலம், மீதி வடிவத்தின் வரிசை எண். 44 என்பது பெயருக்குத்தான், அளவு அதைவிடக் குறைவு. இந்த மாதிரி விஷயம் தெரியவரும்போது எனக்கு ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் முன்கூடத்தில், கண்ணாடிக்குள், வெல்வெட் துணிமேல் வைத்திருக்கிற வின்செஸ்டர் 1873 எந்தத் தோட்டா போடுகிற துப்பாக்கி? அதே 44 டபிள்யூ.சி.எஃப்.தான். 40 கிரெய்ன் (ஒரு சின்ன எடை அளவு) கருமருந்து, 200 கிரெய்ன் ஈயக்குண்டு. வின்செஸ்டரும் நியூ ஹேவன், ஐடியலும் நியூ ஹேவன். வீட்டுக்கு வந்து இடுக்கியை மேசையில் வைத்துப் பார்த்தால், கைப்பிடியின் உள்பக்கம் சின்னக் கம்பியில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. அதில் உங்கள் பதிவு எண். கடைசியில் ஒரு ‘பி’. மறு வாரம் வந்து துப்பாக்கி அட்டையைப் பார்த்தேன். அதே எண், கடைசியில் ‘ஏ’.

அதாவது ஒரே வீட்டிலிருந்து, ஒரே நாளில், ஒரே ஆள் கொடுத்தது. ஒன்றை வெல்வெட்டில் வைத்தீர்கள். இன்னொன்றை டீ ஜாடியோடு விற்றுவிட்டீர்கள்.

இந்த 1873 துப்பாக்கி அபூர்வம் ஒன்றும் இல்லை, 7 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நான்காம் எண் இடுக்கியும் அபூர்வம் இல்லை, தேடினால் கிடைக்கும். எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது, அவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அபூர்வம் என்பது இரண்டும் சேர்ந்து இருப்பது. இன்ன துப்பாக்கிக்கு இன்ன இடுக்கிதான் குண்டு வார்த்தது என்று தைரியமாகச் சொல்ல முடிகிற ஜோடியை, இத்தனை வருடச் சேகரிப்பில் நான் கையில் தொட்டுப் பார்த்தது இரண்டே இரண்டு. மூன்றாவதை நீங்கள் பிரித்துவிட்டீர்கள். நானும் அதற்குத் துணை போனேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹார்ட்ஃபர்டில் வேலை செய்த ஹாரி போப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறிபார்த்துச் சுடுகிற போட்டிகளுக்குக் குழல் செய்து பேர் வாங்கினவர். அவர் ஒரு குழலைத் தனியாக விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. அந்தக் குழலுக்கென்றே வெட்டிய அச்சு, அந்தக் குழலின் முனையிலேயே அறுத்தெடுத்த ‘பொய் வாய்’, எல்லாம் சேர்ந்துதான் ஒரு செட். அந்தப் பொய் வாயை முனையில் பொருத்திக் குண்டை உள்ளே தள்ளினால்தான் குழலின் விளிம்பு தேயாது. இதில் ஒன்று தொலைந்தால் மற்றது ஊமை. ஆனால் யாரோ ஒரு வியாபாரி துப்பாக்கியை ஒருவருக்கும் அச்சை இன்னொருவருக்கும் விற்றுவிடுவார், தனித்தனியாக விற்றால் கூடுதலாக நாலு காசு வரும் என்று. வியாபாரி செய்தால் அது அவர் பிழைப்பு. நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?

அந்தக் காலத்தில் பித்தளைக் கூடுதான் விலை. ஈயம் எங்கேயும் கிடைக்கும், மருந்தை டப்பாவில் வாங்கலாம், கூட்டை மட்டும் தூக்கிப்போட மனசு வராது. 1870களில் அமெரிக்கச் சமவெளியில் ஷார்ப்ஸ் என்கிற துப்பாக்கியோடு காட்டெருமை வேட்டைக்குப் போனவர்கள் ராத்திரி முகாம் நெருப்பில் ஈயம் உருக்கி, அடுத்த நாளுக்கான தோட்டாவைத் தாங்களே கட்டினார்கள். அந்த எருமைகள் ஏறத்தாழ அழிந்தே போனதில் இந்தச் சின்ன இடுக்கிகளுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கவும் வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை. கேப்பில் இரண்டு வகை, இரண்டுமே 1866. அமெரிக்கர் பெர்டன் கண்டுபிடித்தது ஐரோப்பாவுக்குப் போய்விட்டது, ஆங்கிலேயர் பாக்ஸர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் நிலைத்தது. பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை, ஒரு குச்சியை விட்டால் பழைய கேப் விழுந்துவிடும். வீட்டிலேயே தோட்டா நிரப்புகிற பழக்கம் இந்த நாட்டில் இவ்வளவு வேரூன்றினதற்கு அந்த ஒற்றைத் துளை பெரிய காரணம். இதையெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கிற துப்பாக்கி சொல்லாது. இடுக்கி சொல்லும்.

இன்னும் கிட்ட வருகிறேன். நம் மாநிலத்திலேயே லிச்ஃபீல்டு. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். குதிரைமேல் உட்கார்ந்த ஈயச் சிலை, மேலே தங்க முலாம். அதைத் துண்டு துண்டாக்கி லிச்ஃபீல்டில் ஆலிவர் வூல்காட் வீட்டுக்குக் கொண்டுவந்து குண்டாக வார்த்தார்கள். மொத்தம் 42,088. வார்த்தது படைவீரர்கள் இல்லை, பெண்களும் பிள்ளைகளும். யார் எத்தனை என்று கணக்கே இருக்கிறது: ரூத் மார்வின் 11,592, வூல்காட்டின் மகள்கள் மேரி ஆன் 10,790, லாரா 8,378, சின்னப் பையன் ஃபிரடெரிக் 936. அந்தப் பையனின் 936ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், பாதியில் விளையாட ஓடியிருப்பான். அந்தக் குதிரையின் வால் தப்பிப் பிழைத்து இன்று நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. வாலைப் பார்க்கக் கூட்டம் போகிறது. ரூத் மார்வின் கையில் பிடித்த அச்சைப் பற்றி யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரியும், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. பள்ளிப் பிள்ளைகள் வருகிற இடம், 2012இல் நம் மாநிலத்தில் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தோட்டா சம்பந்தமான எதையும் வெளியே வைக்கத் தயக்கமாக இருக்கிறது. எனக்கும் ஒரு மகள் இங்கே பள்ளிக்குப் போகிறாள், அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் துப்பாக்கியை உள்ளே எடுத்துவைக்கவில்லையே! அது முன்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த ஈயம், புகை, சுட்ட விரல், ராத்திரி உழைப்பு, இவை மட்டும்தான் நிலவறைக்குப் போயின. பிள்ளைகளுக்கு எது ஆபத்தான படம் என்று நினைக்கிறீர்கள்?

நிலவறை என்றதும் நினைவு வருகிறது. உங்கள் ஓக் மர இழுப்பறைகளில் ஈயக்குண்டு ஏதாவது இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். ஓக் மரம் மெதுவாக அமில ஆவி விடும், ஈயம் அதில் வெள்ளைப் பொடியாகப் பூத்துக் கரைந்துபோகும். அந்தப் பொடி விஷம், வெறும் கையால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். பழைய டப்பாவில் மருந்தோ கேப்போ மிச்சம் இருந்தால் திறந்துகூடப் பார்க்காமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். அப்புறம், தயவுசெய்து, எதையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். இந்த இடுக்கிக்கு நிக்கல் முலாம் இருந்தது. ஒரு பக்கம் இன்னும் இருக்கிறது, மறுபக்கம் யாரோ நல்ல மனசோடு சுத்தம் செய்திருக்கிறார், வெறும் இரும்பு தெரிகிறது. அதைவிட மோசம், குண்டுக் குழிக்குள்ளும் பிரஷ் போயிருக்கிறது. அந்தக் குழியின் உள்சுவர்தான் கருவியின் உயிர். செர்ரி என்று சொல்லுகிற வெட்டுளியால் சுழற்றிச் சுழற்றிக் கடைந்த தடம் அதில் இருக்கும், அந்தத் தடம் அப்படியே குண்டில் ஏறும். அதை அழித்தால் திரும்ப வராது. எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்.

சரி, என் பங்குக்கு வருகிறேன். அது என்ன என்று எனக்கு அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபோதே தெரியும். மேசையில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம், “தம்பி, இது உண்மையிலேயே கொட்டை உடைக்கிறதுதானா?” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே 15 டாலரை நீட்டினேன். பதில் சொல்லவில்லை. சேகரிப்பவர்களுக்கு இது ஒரு வியாதி, பொருளைக் கண்டதும் நாக்கு உள்ளே போய்விடும். வில்லை எண்ணைப் பார்த்த பிறகும் ஏழு மாதம் சும்மா இருந்தேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி, என் மேல்தான்.

அதனால் திருப்பித் தருகிறேன். விலைக்கு இல்லை. ஒரே நிபந்தனை, அது அந்த வின்செஸ்டருக்குப் பக்கத்தில், அதே கண்ணாடிக்குள், அதே வெல்வெட்டில் இருக்க வேண்டும். வாய் திறந்த நிலையில் வைத்தால் குழி தெரியும். இடம் போதாது என்றால் துப்பாக்கியை நாலு அங்குலம் நகர்த்தலாம், நான் அளந்து பார்த்துவிட்டேன். வேறு பெட்டிகளில் இதே மாதிரி கேள்விக்குறி போட்ட சீட்டுகள் இருந்தால், விற்பதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள், வந்து பார்த்துச் சொல்கிறேன், இந்த முறை வாயைத் திறந்து.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பீர்கள் என்று கதவில் எழுதியிருக்கிறது. வருகிறேன். அந்தப் பென்சில் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை எழுதிய அம்மா அன்றைக்கு இருந்தால், அவரே புதுச் சீட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
15 டாலர் கொடுத்தவன்