செயலாளரின் ஆண்டறிக்கை: தெருவாரியாகத் திரண்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவையில் கூடியுள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நலிந்துவரும் நம் பகுதியை அதில் வாழ்பவர்களைக் கொண்டே மீட்டெடுக்க வேண்டும் என்று நம் சங்கத்தின் சென்ற பேரவை தீர்மானித்தது. வேலைகள் போய், கடைகள் அடைபட்டு, பூட்டிய வீடுகளும் குப்பை சேர்ந்த காலி மனைகளும் பெருகிய கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்; ஆகவே அதை விடுத்து, நடந்த பணிகளை முன்வைக்கிறேன்.

பகுதி முழுவதற்கும் ஒரே பொதுக்கூட்டம் என்ற பழைய முறையில் பேசத் தெரிந்த சிலரே பேசினர். எனவே ஒவ்வொரு தெருவையும் தனி அலகாகக் கொள்ளச் செயற்குழு முடிவெடுத்தது. இதற்கு நாம் முன்மாதிரியாகக் கொண்டது, பாகிஸ்தானின் கராச்சி நகரில், ஓரங்கி என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980-இல் தொடங்கிய திட்டமாகும். அங்கே ஏறத்தாழ 20 முதல் 30 வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கென ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, தானே பணம் திரட்டி, கழிவுநீர்க் குழாய்களைப் பதித்துக்கொண்டது. அவரது திட்ட அலுவலகம் அளவெடுத்தும், மதிப்பீடு தயாரித்தும், கருவிகளை இரவல் கொடுத்தும் உதவியதே தவிர, பணம் கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரரின் லாபம் கழிந்ததால் செலவும் வெகுவாகக் குறைந்தது. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு, பிரதானக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று அவர்கள் வகுத்துக்கொண்ட பிரிவினையே நம் தெருக்கூட்டங்களுக்கும் அடிப்படையாயிற்று. எது நம் வேலை, எது நகராட்சியின் வேலை என்று பிரித்து எழுதியபின் அனுப்பிய மனுக்களுக்குத்தான் தெளிவான பதில்கள் கிடைத்தன என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

தண்ணீர் தேங்கும் தெரு ஒன்றில் நடந்த கூட்டத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். வடிகாலின் வரைபடம் எவரிடமும் இல்லை. அத்தெருப் பெண்கள் தரையிலேயே சுண்ணக்கட்டியால் தெருவை வரைந்து, எந்த வாசலில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று வீடுவீடாகக் குறித்தார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் வருவதாக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி, அடைபட்ட சிறுபாலத்தில் முட்டித் திரும்பும் தண்ணீரே அது என்று விரலால் கோடிழுத்துக் காட்டினார். அந்தப் படத்தைத் தாளில் எடுத்தெழுதி மனுவுடன் இணைத்தோம். பாலத்தடியில் அடைப்பு நீக்கப்பட்டது. கிளை வடிகாலைத் தெருவினரே தூர்வாரினர்.

காலி மனைகளில் இரவோடிரவாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டிச் செல்வதைத் தடுக்க, அந்தந்தத் தெருவினர் முறைவைத்துக் காவலிருந்தனர். இது சிறு வேலை போலத் தோன்றலாம். ஆயினும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரின் டட்லி தெருவில் 1984-இல் தொடங்கப்பட்ட குடியிருப்போர் அமைப்பும் சட்டவிரோதக் குப்பைக்கு எதிரான போராட்டத்திலிருந்தே வலுப்பெற்றது. பின்னர் 1988-இல், தன் பகுதியின் மையத்திலிருந்த தனியார் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே அது நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றது. கண்முன் தெரியும் ஒரு வெற்றிதான், கூட்டத்துக்கு வராமல் இருந்தவர்களை வரவைக்கிறது. சுத்தமான மனைகளில் ஒன்றை அதன் உரிமையாளரின் எழுத்துமூல இசைவுடன் சிறுவர் விளையாடப் பயன்படுத்துகிறோம்.

இவை அனைத்தையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தெரு சீரானால் வாடகை உயரும். உயர்ந்தால், தூர்வாரிய கைகளுக்குரியவர்களே முதலில் வெளியேற நேரும். அப்படியொரு முன்னேற்றத்தை முன்னேற்றமென்று இச்சங்கம் ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. டட்லி தெருவினர் இதை முன்கூட்டியே எண்ணி, நிலத்தைச் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் வைத்து, அதன்மேல் கட்டிய வீடுகளை மட்டும் விற்று, மறுவிற்பனை விலைக்கும் வரம்பு விதித்தார்கள். நம்மிடம் நிலம் இல்லை. எனினும் வாடகைதாரருக்கு வாக்குரிமையுள்ள முழு உறுப்பினர் தகுதி அளிக்கும் துணைவிதித் திருத்தத்தைச் செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைத்துள்ளது. வீட்டு உரிமையாளர்களான உறுப்பினர்கள் இதை மனமுவந்து ஆதரிக்குமாறு வேண்டுகிறேன்.

மூடிக்கிடக்கும் கடைகளைத் திறக்கவைக்கும் முயற்சி இவ்வாண்டு கைகூடவில்லை. இளைஞர் குழுவின் மாலைநேர வகுப்புகள் தொடர்கின்றன. தெருவிளக்குக் கோரிக்கை நிலுவையில் உள்ளது.

வரும் ஆண்டுக்கு, துணைவிதித் திருத்தம், ஒவ்வொரு தெருப் பொறுப்பாளரும் செயற்குழுவில் இடம்பெறுதல், கடைகளின் உரிமையாளர்களுடன் பேசத் தனிக்குழு அமைத்தல் ஆகிய தீர்மானங்களையும், பொருளாளர் தனியே சமர்ப்பிக்கும் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளையும், இவ்வறிக்கையையும் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்